அல்சர் என்றே சொல்லி வைத்தோம்

என் அம்மை சகாயசெல்விக்கு எதையும் மூடி வைக்கத் தெரியாது. தலையில் அலுமினியச் சருவத்தில் மீன் சுமந்து மண்டைக்காட்டுத் தெருக்களில் விற்கிறவள். நேற்றைய அயிலை என்றால் நேற்றைய அயிலை என்றே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவள் அப்பாவின் வயிற்றுப் புற்றுநோயை மட்டும் எட்டு மாதம் அவரிடமிருந்தே மறைத்தாள். அல்சர் என்று சொல்லி வைத்தோம். நானும் அதில் கூட்டு.

அவளைக் கவிழ்த்தது எங்கள் மாதா கோவில் ஒலிபெருக்கிதான். அப்பாவின் சுகத்துக்காகப் பூசையில் வேண்டும்படி மன்றாட்டுகளை வாசிக்கிற உபதேசியாரிடம் சொல்லப் போனவள், நோயின் பெயரையும் எழுத வைத்துவிட்டாள். பெயர் சொல்லாவிட்டால் ஆண்டவர் வெறும் வாய்வுக் கோளாறைச் சுகமாக்கிவிட்டு இதை விட்டுவிட்டால்? அந்தப் பயம் அவளுக்கு. கோபுரத்துக் குழாயில் வாசிப்பது கடற்கரை முழுக்கக் கேட்கும் என்பதை மறந்துபோனாள். மறுநாள் விடியலில் அவள் கோவிலில் முழந்தாளிட்டிருக்க, "ததேயுஸ் அவர்கள் புற்றுநோயிலிருந்து சுகம்பெற" என்று எங்கள் வீட்டுக்குள் கணீரென்று கேட்டது.

கட்டிலில் கிடந்த அப்பாவைப் பார்த்தேன். அவர் போர்வையைச் சரிசெய்துகொண்டார்.

"ஷிஜி, எனக்குத் தெரியுமுண்ணு அம்மைக்கிட்ட சொல்லிராத மக்கா. வெசனப்பட்டே செத்துருவா."

சொல்லவில்லை. பூசை முடிந்து ஓடிவந்து கேட்டவளிடம், அப்பா அப்போது தூங்கிக்கொண்டிருந்தார் என்றேன். அவர் போய் இரண்டு வருடம் ஆகியும் சொல்லவில்லை. கடைசி வரை அவள் அல்சருக்கான கஞ்சியைக் கொடுத்தாள், அவரும் அல்சர்காரராகவே குடித்தார். நினைத்தால் எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்தே வரும். இரண்டு பேரும் ஒரு நாளாவது கூட உட்கார்ந்து அழுதிருக்கலாம்.

இந்த வருடக் கோவில் திருவிழா மலருக்கு அப்பாவைப் பற்றி எழுதியபோது இதையும் எழுதினேன். அம்மை அச்செழுத்து வாசிக்கிறவள் இல்லை என்கிற தைரியம். கோழைத்தனம் என்றும் சொல்லலாம். ஆனால் மகளின் போட்டோ அச்சில் வந்தால் அவள் சும்மா இருப்பாளா? மலரைப் பாலித்தீன் பையில் சுற்றி, மீனோடு கொண்டுபோய்விட்டாள்.

வாசித்துக் காட்டியவர் அவளுடைய பழைய வாடிக்கைக்காரி நாகம்மை. வாசற்படியில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தவர், அப்பா சொன்ன வரி வந்ததும் அழுதுவிட்டாராம். அம்மை அழவில்லை.

"திரும்ப வாசிங்கக்கா."

இரண்டாவது முறை கேட்டபின், "அந்த மனுசன் தனியா கெடந்து பயந்துருக்காரே" என்று மார்பில் அடித்துக்கொண்டாளாம்.

அப்போதுதான் நாகம்மை வாய் திறந்தார். அவர் கணவர் பகவதியப்பனுக்கும் அதே நோய். அவரிடமும் அல்சர் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இந்த மாதமே அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியும், அல்சருக்கு எவனாவது வயிற்றைக் கிழிப்பானா என்று அவர் மாட்டவே மாட்டேன் என்றிருக்கிறார்.

"சொன்னா தாங்குவாராட்டி செல்வி?"

"தாங்காண்டாம் அக்கா. ஒங்களப் புடிச்சு அழட்டும். எனக்கு அது கெடைக்கல்ல."

உள்ளேயிருந்து பகவதியப்பனின் குரல் வந்தது. "ஏட்டி நாகம்மை, உள்ள வா. எல்லாம் கேட்டுட்டுதான் இருக்கேன்."

நாகம்மை உள்ளே போனார். உள்ளே இருவரின் அழுகையும் ஓயும்வரை அம்மை படியிலேயே இருந்தாள். அன்று அயிலை முழுக்க வெயிலில் கெட்டுப்போனது.

அம்மை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"அப்பா போர்வைய சரி பண்ணினாருண்ணு எழுதியிருக்கிய, எந்தக் கையாலட்டி?"

"வலது கையால அம்மா."

"வலது கையில அப்ப நீரு கட்டி இருந்துச்சே. நொந்துருக்கும்" என்றாள். அரிசியை அப்படியே விட்டுவிட்டு இருவரும் அழுதோம். அப்பா இறந்தபிறகு நாங்கள் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். எனக்கு நெஞ்சு லேசானது.

பகவதியப்பனுக்கு அறுவைச் சிகிச்சை முடிந்து ஏழு மாதம் ஆகிறது. இப்போது அம்மையிடம் அயிலைக்கு விலை பேசிச் சண்டை போடுவதே அவர்தான். ஆனால் சிகிச்சைக்கு முந்தின நாள் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். அம்மை என்னையும் கூட்டிக்கொண்டு உபதேசியாரிடம் போனாள். பகவதியப்பன் பெயரை எழுதியவர், பழைய கதை நினைவிருந்ததால் பேனாவை நிறுத்தினார்.

"நோய்க்க பேரு வேண்டாம், இல்லியா?"

"எழுதுங்க. நல்லா சத்தமா வாசிங்க" என்றாள் அம்மை. "அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமுண்ணு அவருக்க பெண்டாட்டிக்கும் தெரியும்."