கடிகாரத்தின் பின்மூடி

புளியமரம் குத்தகைக்கு எடுப்பது எங்கள் தொழில். நல்லம்பள்ளிப் பக்கம் எந்த மரமானாலும் அடியில் நின்று அண்ணாந்து பார்த்து, ஒரு காயை ஒடித்துக் கடித்துப் பார்த்த பிறகுதான் நான் ஏலத்தில் வாய் திறப்பேன். இத்தனை வருஷத்தில் என்னை ஒருத்தரும் ஏமாற்றியதில்லை. அப்படிப்பட்டவள் நாலே நாலு போட்டோவைப் பார்த்து, இணைய ஏலத்தில் ஒரு பழைய கைக்கடிகாரத்தை வாங்கி முட்டாளானேன். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஆசைக்காக வாங்கவில்லை. என் கல்யாணத்தின்போது அப்பா மொரப்பூரில் ரயிலேறிச் சேலம் போய், மாப்பிள்ளைக்கென்று ஒரு கடிகாரம் வாங்கி வந்தார். சாவி கொடுத்து ஓட்டும் வெள்ளை முகக் கடிகாரம். சீர்ப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டும் கடையில் குடம், அண்டா எல்லாம் முடிந்ததும் கடிகாரத்தையும் நீட்டினார்.

"இதுலயும் வெட்டுங்க. யாரு குடுத்ததுன்னு நாளைக்கித் தெரியணுமில்ல."

'மருமகனுக்கு அன்பளிப்பு' என்று பின்மூடியில் கோணல் எழுத்தில் வெட்டி, கீழே அப்பாவின் பெயரையும் வெட்டினார்கள். அப்பா போன பிறகும் அது என் கணவர் கையில் ஓடியது. ஒருநாள் நின்றுபோய், ஆணிகளோடும் துருப்பிடித்த சாவிகளோடும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போய்ச் சேர்ந்தது. போகிக்கு வீட்டை ஒழித்தபோது அந்த டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல் பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுத்தவள் நான்தான். கணவர் இரண்டு நாள் தேடினார். விஷயம் தெரிந்ததும், "போனாப் போவுது, வுடு" என்று முடித்துக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம்.

போன வருஷம் ஆவணியில் அவருக்கு அறுபது. அதே மாதிரிக் கடிகாரம் ஒன்றை அன்றைக்கு அவர் கையில் கட்டிவிட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஏலத்தில் அது கண்ணில் பட்டது. 'எல்லாமே ஒரிஜினல்' என்று விற்கிறவன் எழுதியிருந்தான். நான் கேட்கக் கேட்க யாரோ விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். எங்கள் புளிய ஏலமாக இருந்தால், ஏற்றுகிற ஆள் யார், யாருக்காக ஏற்றுகிறான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். இங்கே முகமும் இல்லை, ஊரும் இல்லை. வீம்புக்கு நானும் ஏற்றி ஜெயித்தேன்.

பார்சல் வந்தது ஆடி மாதம். ஆடியில் புதிதாக வாங்கிய எதையும் எங்கள் வீட்டில் பிரிப்பதில்லை. பீரோவில் வைத்துப் பூட்டி, ஆவணி முதல் முகூர்த்த நாளில் சாமி படத்துக்கு முன்னால் பிரித்தேன். முகத்தில் புதுப் பெயிண்ட் அப்பியிருந்தது. ஒரு மணி நேரம் ஓடிவிட்டு நின்றது. விற்றவனுக்கு எழுதினேன்.

"திருப்பி அனுப்புற நாள் தாண்டிருச்சு மேடம். பழசுன்னா அப்படித்தான் இருக்கும்" என்று பதில் வந்தது. ஆடி என்பதால் பிரிக்கவில்லை என்று நியாயம் சொன்னேன். சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினான். அவன் என் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கு அவன் முதுகில் புளியங்கொம்பு முறிந்திருக்கும்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பிரித்தார்.

"இதுல மூணு வாட்ச் இருக்குதுங்கக்கா. மிஷின் ஒண்ணுது, டயல் ஒண்ணுது, மூடி இன்னொண்ணுது." மூடியைத் திருப்பினார். "இதுல ஏதோ எழுத்து இருந்திருக்குது. உப்புத்தாள் போட்டுத் தேச்சிருக்காங்க."

லென்ஸை வாங்கி நானே பார்த்தேன். 'அன்ப' என்ற மூன்று எழுத்து மட்டும் மிச்சம் இருந்தது. எங்களுடையதோ என்று லென்ஸை இன்னும் கிட்டத்தில் பிடித்தேன். ஆனால் எழுத்து கோணலாக இல்லை, அச்சடித்ததுபோல் நேராக இருந்தது. எங்களுடையது இல்லை.

அப்போதுதான் கோபம் தலைக்கேறியது. எவளோ ஒருத்தியின் அப்பா ஆசையாக வெட்டிக் கொடுத்த பெயர். அதைத் தேய்த்து எடுத்துவிட்டு 'எல்லாமே ஒரிஜினல்' என்று விற்க எப்படி மனசு வந்தது? கடைக்காரர் முன்னாலேயே அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாதித் திட்டில் எங்கள் பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணும் என்னைப்போல் ஒரு டப்பாவைத் திறந்து பார்க்காமல் கொடுத்திருப்பாள்.

அந்தக் கடிகாரத்தைக் கணவருக்குக் கட்டவில்லை. இப்போதும் ஏலம் பார்க்கிறேன். வெள்ளை முகக் கடிகாரம் எது வந்தாலும், விலை கேட்கும் முன்பே விற்பவருக்கு எழுதிவிடுவேன்: "பின்மூடியைக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்க. தேய்க்காமல் அனுப்புங்க."

"போலியைக் கண்டுபிடிக்க நல்ல வழி மேடம்" என்று ஒருவர் பாராட்டி எழுதினார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி அப்பாவின் பெயரைத் தேடினேன்.