நாலு இடத்தில் பார்த்த ஆள்

போன வாரம் ஒரு வெள்ளைக்கார வில்லாளியால் எனக்கு நேர்ந்த சங்கடத்தைச் சொல்கிறேன்.

யாங்கூனில், பபேடான் பேட்டையில் என் டியூஷன் இருப்பது இரண்டாவது மாடியில். வழக்கம்போல் அன்று சாயங்காலமும் கரண்ட் போய்விட்டது. மொபைல் வெளிச்சத்தில் இங்கிலீஷ் படித்தால் கண் எரிகிறது என்று பிள்ளைகள் முனகினார்கள். எல்லோரையும் கீழே இறக்கி, மல்லிகா அக்காவின் பலாட்டா கடை ஸ்டூல்களில் உட்கார வைத்தேன். பலாட்டா என்றால் உங்கள் பரோட்டாதான். அக்காவிடம் ஒரு பேட்டரி விளக்கு உண்டு.

பாடத்தில் அந்த வில்லாளி வந்தார். காட்டில் ஒளிந்துகொண்டு, பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுப்பாரே... பெயர் சொல்லவே வேண்டாம், எல்லோருக்கும் தெரியும். ஒரு மாணவி பாதி பர்மியத்திலும் பாதி தமிழிலுமாக, அவர் நிஜமாகவே இருந்தவரா என்று கேட்டாள்.

என்னிடம் போய் இதைக் கேட்கலாமா? வெளிநாடு போவதற்காகப் படிக்கிற பிள்ளைகள் இவர்கள். பரீட்சைக்கு வராத எதையும் கேட்க மாட்டார்கள். அபூர்வமாக ஒரு கேள்வி வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அளக்க ஆரம்பித்தேன். இங்கிலாந்தின் பழைய கோர்ட் பதிவுகளில் அந்தப் பெயர் இருக்கிறது. ஒருவருக்கு அல்ல, பலருக்கு. அங்கே அது சர்வ சாதாரணமான பெயர். போதாததற்கு, தலைமறைவாகத் திரிந்த சிலருக்கு குமாஸ்தாக்களே அந்தப் பெயரைப் பட்டமாகச் சூட்டிவிட்டார்கள். இதில் எந்த ஆள் அவர்? எங்கள் ஊர்க்காரர்தான் என்று இன்றைக்கும் ஊருக்கு ஊர் அடித்துக்கொள்கிறார்கள்.

கல்லில் செருகிய வாளை உருவிய ராஜா கதை இன்னும் மோசம். அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்தில் அவரைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதாகத் தெரியவில்லை. பல நூறு வருஷம் கழித்து, தீயில் எரிந்துபோன ஒரு மடத்தைத் திரும்பக் கட்ட வேண்டிய நேரம் பார்த்து, அவருடைய எலும்புகள் அந்த மடத்து வளாகத்திலேயே அகப்பட்டனவாம். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் என் வாய் இன்னும் நீண்டது.

"ஒரே ஆளை நாலு இடத்துல பாத்தேன்னு நாலு பேர் சொன்னா, அப்படி ஒரு ஆளே இல்லேன்னுதான் வரலாற்றுக்காரங்க சந்தேகப்படுவாங்க" என்றேன்.

பின்னால் மாவு அடிக்கிற சத்தம் நின்றுபோனது. அப்போதுதான் எனக்கு வேலுவின் ஞாபகம் வந்தது.

வேலு மல்லிகா அக்காவின் ஒரே மகன். வீட்டுக்குத்தான் வேலு. பள்ளிக்கூடத்தில், அடையாள அட்டையில், வேலை பார்த்த இடத்தில் எல்லாம் ஸோ மின். இங்கே நம் வீடுகளில் அப்படித்தானே — உள்ளே ஒரு பெயர், தெருவுக்கு ஒரு பெயர். பர்மியப் பெயரில் அப்பா பெயரும் கிடையாது, இனிஷியலும் கிடையாது. யாங்கூன் பஸ்ஸில் நின்று 'கோ ஸோ மின்', அதாவது ஸோ மின் அண்ணே, என்று கூப்பிட்டால் எத்தனை தலைகள் திரும்புமோ!

இரண்டு வருஷம் முன்பு, பட்டாளத்துக்குப் பிடித்துப் போவார்களோ என்று வயசுப் பையன்கள் எல்லாம் ஊரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த சமயத்தில், அவனும் எல்லைப் பக்கம் பஸ் ஏறினான். வழியில் இறங்கி ஒரு போன் செய்தான். அதோடு சரி.

அப்புறம் வந்ததெல்லாம் சேதிகள்தான். தாய்லாந்தில் இறால் கம்பெனியில் ஒரு ஸோ மின் இருக்கிறானாம். மலேசியாவில் கட்டட வேலையில் ஒரு ஸோ மின். காட்டில் துப்பாக்கியும் கையுமாகப் பார்த்தேன் என்றார் ஒருவர். இங்கேயே அலோன் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற ஒருவர், ஜெயிலில் அவன் என் பக்கத்தில்தான் படுத்திருந்தான் என்று சொல்லிவிட்டு, வயிறாரச் சாப்பிட்டுப் போனார். ஒரு சேதியில் அவன் குட்டை, இன்னொன்றில் நெட்டை. அக்கா அத்தனையையும் நம்புகிறார்.

அப்படிப்பட்டவரைப் பின்னால் வைத்துக்கொண்டு நான் பேசிய பேச்சைப் பாருங்கள். கூசிப்போனேன். பழைய வீரர்களை ஆராய்கிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. விடை எதுவாக இருந்தாலும் யார் வீட்டிலும் ஒப்பாரி கேட்காது.

பிள்ளைகள் போன பிறகு அக்காவிடம் போய், சொன்னதைச் சரிக்கட்டப் பார்த்தேன். வாத்தியார் புத்தி, இங்கே சொல்கிறபடி 'சயா' புத்தி, சும்மா இருக்குமா? இனிமேல் யாராவது பார்த்தேன் என்று வந்தால், அடுத்த தடவை பின்னாலிருந்து 'வேலு' என்று கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பிள்ளையாக இருந்தால் திரும்புவான். மற்ற ஸோ மின்களுக்கு அந்தப் பெயர் எங்கே தெரியப்போகிறது என்றேன். பிரமாதமான யோசனை சொல்லிவிட்ட திருப்தி வேறு.

அக்கா கல்லைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இது எனக்குத் தெரியாதா சயா? மொத சேதி கொண்டாந்தவர்கிட்டயே சொல்லி அனுப்பினேன். கூப்பிட்டுப் பாத்தாராம். திரும்பலையாம்." துணியை உதறி மடித்தார். "அதுக்கப்புறம் அந்தப் பேரை நான் யாருகிட்டயும் சொல்லி விடறதில்ல."

நான் ஸ்டூல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தேன்.

விளக்கை அணைக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, அந்த வில்லுக்காரரை இன்னமும் தேடுகிறார்களா என்று கேட்டார். தேடுகிறார்கள், புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள் என்றேன். எத்தனை காலமாக என்றார். பல நூறு வருஷமாக என்றேன்.

அக்காவின் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"நமக்கு ரெண்டு வருஷந்தானே ஆவுது சயா."