முழுசா இறங்கட்டும்!

செல்போன் ரிப்பேர் தொழிலில் ஸ்க்ரூ டிரைவரைவிடச் சீக்கிரம் தேய்வது வாய்தான். கலர் போன்கள் வந்த காலத்தில் குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு கடையில் இருந்தேன். இப்படி ஒரு கவுன்ட்டருக்கு உள்ளேயோ வெளியேயோ நீங்களும் நின்றிருந்தால் என் கஷ்டம் புரியும்.

எட்டு மணி நேரம்

புது போன் வாங்கிய பேங்க் அதிகாரி ஒருவர், முதல் சார்ஜ் எட்டு மணி நேரம் போட வேண்டுமாமே என்றார். அது பழைய வகை பேட்டரிக்கு, இந்த லித்தியம் பேட்டரி நிறைந்ததும் எடுத்துவிடலாம் என்று படம் வரையாத குறையாக விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தலைக்கு மேல் எட்டிப் பார்த்தார். "நீங்க சொல்றது சரி சார். உள்ள பெரியவங்க யாராவது இருக்காங்களா?"

மோருக்குப் பக்கத்தில்

பீர்க்கன்கரணைக் கணக்கு டீச்சர் ஒருவர், துபாய் போன மகனின் போன் பேட்டரியைச் சுத்தமாகக் காலியாக்கி, ஃப்ரிட்ஜில் மோருக்குப் பக்கத்தில் ஆறு மாதம் பாதுகாத்திருந்தார். மகன் வரும் நேரத்தில் எடுத்தால் உயிர் இல்லை. பாதி சார்ஜோடு ஈரமில்லாத அலமாரியில் வைத்திருந்தாலே போதும் என்றேன். மூன்றாம் பெஞ்சு மாணவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அதே ஃப்ரிட்ஜுலதான் மாவும் வைக்கிறேன். அது கெடலையே?"

ஒரே ஒரு கோடு

இவ்வளவு பேசுகிற நான் தொழிலுக்கு வந்த புதிதில், போன் முழுசா அணைந்த பிறகுதான் சார்ஜ் போடணும் என்று எல்லோருக்கும் ஓதிக்கொண்டிருந்தேன். யாரோ சொன்னது, நான் சோதித்ததில்லை. கோவளம் பக்கமிருந்து வந்து மீன் விற்கும் செல்வி அதை அப்படியே நம்பினாள். ஒரு நாள் காலை ஒரே ஒரு கோடு சார்ஜ்தான் இருந்தது. முழுசா இறங்கட்டும் என்று போனை அப்படியே எடுத்து வந்துவிட்டாள். வியாபாரத்துக்கு நடுவில் அது அணைந்தது.

அன்றைக்கு அவள் புருஷனின் படகு இன்ஜின் நின்று வேறு கரையில் ஒதுங்கியிருந்தது. யாரிடமோ போன் வாங்கி, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பரான அவள் நம்பருக்கே திரும்பத் திரும்ப அடித்திருக்கிறான். மதியம் அவள் ஊர் திரும்பினால், படகைக் காணோம் என்று கரையில் கூட்டம். சாயங்காலம் அவன் பஸ்ஸில் வந்து இறங்கும்வரை மணலில் உட்கார்ந்திருந்தாளாம்.

மறுநாள் கடைக்கு வந்து இதைச் சொன்னாள். அவள் திட்டவில்லை, போனை கவுன்ட்டர்மேல் வைத்தாள். "பேட்டரி நல்லாத்தான் கீதுண்ணா. நான்தான் செத்துப் பொழச்சேன்."

அதன் பிறகு யார் கேட்டாலும், காலியாகும் முன்பே போடுங்கள், நிறைந்தால் எடுங்கள், வெயிலில் வைக்காதீர்கள் என்று மட்டுமே சொல்லி வந்தேன்; ஒருவரும் கேட்காததால்தான் கடைசிவரை எனக்கு வேலை இருந்தது.