அக்கா திறந்துவிட்ட ஞாயிறு பின்னேரம்

அக்கா இல்லாத முதலாவது ஆண்டு எப்படியோ கழிந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் நீங்கள் அனைவரும் அவரை அறிவீர்கள். ஆனாலும் தங்கை நான் இரண்டு வார்த்தை எழுதாவிட்டால் மனம் ஆறாது.

மன்னாரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா கண்மூடியபின் எங்களை ஆளாக்கியவர் அவரே. போர் துரத்த இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்து, லிபெர்த்தா வீதியில் முதிய சிஞ்ஞோரா ஒருவரை, அந்த இத்தாலிய அம்மாவை, அவர் வீட்டிலேயே பராமரித்தார். ஞாயிறு பின்னேரத் தமிழ்ப் பூசைக்காகவே கிழமை முழுவதும் காத்திருப்பார். பாட மட்டும் அவருக்கு வராது. ஆனால் எல்லோரையும்விட உரத்துப் பாடுவார்.

கானாவிலிருந்து வந்த கறுப்பினச் சகோதர சகோதரிகள் ஒரு கராஜில் பாடி ஆடிச் செபித்து வந்தார்கள். அந்த இடம் பறிபோனது. வீட்டு வேலை செய்யும் அவர்களுக்கும் ஞாயிறு பின்னேரம்தான் ஓய்வு. கோவிலில் எங்கள் நேரத்தில் பாதியை அவர்களுக்குக் கொடுப்பீர்களா என்று பங்குச் சுவாமியார் கேட்டபோது எங்கள் சனம் முகம் சுளித்தது. ஊர் வழக்கப்படி நாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டே கோவிலுக்குள் போவோம்.

"அவை சப்பாத்தோடை வந்து ஆடுவினம். இதென்ன கோயிலோ, கலியாண வீடோ?" என்றார் சின்ன மாமா.

"மாமா, எங்களுக்கும் இஞ்சை ஆரோ இடம் விட்டவைதானே? அந்தச் சனம் எங்கை போய்க் கும்பிடும்? சப்பாத்தைப் பற்றி நான் கதைக்கிறன்" என்றார் அக்கா.

கதைத்தார். ஆண்டவரிடம் வரும்போது நல்ல சப்பாத்து அணிவதே தங்கள் மரியாதை என்று அந்தப் பெண்கள் சிரித்தார்கள். "ஓம், அதுவும் சரிதானே" என்று அக்கா கதவைத் திறந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவர்கள் சபை அங்கே வேரூன்றியது. செபம் முடிந்ததும் வேலையில்லாதவருக்கு வேலை விசாரிப்பார்கள், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி இல்லாதவருக்கு வழி சொல்வார்கள், நோயாளிக்குச் சோறு அனுப்புவார்கள். அதில் தமிழர், கறுப்பர் என்ற பேதம் இருக்கவில்லை. அக்கா படுக்கையில் விழுந்தபோது, நாங்கள் வேலைக்குப் போன நேரமெல்லாம் அந்தப் பெண்களே முறைவைத்து ஆஸ்பத்திரியில் அருகிருந்தார்கள்.

இறுதிநாளில் பெட்டியைக் கோவிலுக்குள் கொண்டுபோனோம். யாரும் கேட்காமலே அவர்கள் சப்பாத்துகளைக் கழற்றி எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலுடன் மெல்ல ஆடியபடி பின்னால் வந்தார்கள். சின்ன மாமா அழுதுகொண்டே கைதட்டினார்.

அந்தச் சகோதரிகளுக்கும், சுவாமியாருக்கும், சிஞ்ஞோராவுக்கும், தோள்கொடுத்த உறவுகள் யாவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

இப்போது ஞாயிறுகளில் பாட்டு சுருதி பிசகாமல் நடக்கிறது. அந்தப் பிசகை ஒருமுறை கேட்கமாட்டேனா என்றுதான், அக்கா, ஏங்கிக்கொண்டு நிற்கிறேன்.