நாடு நீங்கிய லூயி

கோலப்பபிள்ளைக்குப் பயம் பிறவிக்குணம். முழங்கால் தண்ணீர் என்றாலும் ஆழம் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். இரணியலுக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடத்தில் அவர் சரித்திர வாத்தியார். அடுத்த வகுப்பில் கணக்கு வாத்தியார் நான். நடுவில் ஓலைத்தட்டி மட்டும்தான் மறைப்பு. அவர் நடத்தும் பாடம் முழுக்க எனக்கும் கேட்கும்.

இந்தப் பயந்தாங்கொள்ளிக்குப் பிரெஞ்சுப் புரட்சி என்றால் மட்டும் குரல் மாறிவிடும். "சட்டம்ணா ராஜா போடுகது இல்ல மக்களே. நாம எல்லாருமாச் சேந்து நமக்கே போடுகது. ராஜா அதுக்கு வேலக்காரன்," என்பார். சொன்ன கையோடு வாசலை எட்டிப் பார்ப்பார். திருவிதாங்கூரில் சர்க்கார் சம்பளம் வாங்கிக்கொண்டு இதைச் சொல்ல அவருக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

1925இல் பாடம் லூயி ராஜாவின் தலை போகிற இடத்துக்கு வந்தது. முந்தின வருஷம்தான் எங்கள் மகாராஜா காலமாகியிருந்தார். அப்படிச் சொல்வதே தப்பு. குடிகள்தான் சாவார்கள், மகாராஜா 'நாடு நீங்குவார்'. அந்தச் சொல் கொட்டாரத்துக்கு, அதாவது அரண்மனைக்கு, மட்டுமே உரியது. பிள்ளை தலையைப் பிய்த்துக்கொண்டு யோசித்தார். எந்த ஊர் ராஜாவும் ராஜாதானே, மரியாதை குறைந்தால் வம்பு என்று முடிவு செய்து, "லூயி மன்னர் நாடு நீங்கினார்" என்று சொல்லிக்கொடுத்துவிட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

அடுத்த வாரமே திருவனந்தபுரத்திலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். பிரெஞ்சு ராஜாவுக்கு என்ன ஆயிற்று என்று வகுப்பைக் கேட்டார்.

"நாடு நீங்கினார்!" என்று வகுப்பே கத்தியது.

"எப்படி?"

"குடிகள் தலைய வெட்டி!"

தட்டிக்கு இந்தப்புறம் நான் கணக்கைப் பாதியில் நிறுத்தினேன்.

"பொன்னுதம்புரான் மகாராஜாவுக்குள்ள வாக்கை, தலைபோன ஒருத்தனுக்கா கொடுத்தீர்?" என்றார் இன்ஸ்பெக்டர். "குடிகள் வெட்டினா தம்புரான் நாடு நீங்கும்ணு படிப்பிக்கிறீரா? நாளைக் காலம்பற வருவேன். உமக்கு உத்தியோகம் உண்டா இல்லையாண்ணு அப்பம் சொல்லுகேன்."

சாயங்காலம் பிள்ளையைத் தனியே விட மனம் வராமல் வீடுவரை கூடப் போனேன். "புரட்சியச் சொன்னதுக்கு வேல போனாக் கூட ஒரு கௌரவம் உண்டு வே, யேசுரத்தினம். மரியாத சொன்னதுக்கா போகணும்?" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரை நினைத்துப் பாவமாகவும் இருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் அவர் மனைவி சொர்ணம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "வேல போச்சுண்ணா இந்தப் பிள்ளையளுக்கு என்னத்தப் பொங்கிக் குடுப்பேன்? அந்த வெள்ளக்காரன் எப்பிடிச் செத்தா உங்களுக்கு என்ன?" என்று அழுதாள். கோலப்பபிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் இன்ஸ்பெக்டர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. "ஒரே வழிதான். அந்த வாக்கை மாத்திச் சொல்லும். லூயி செத்தான். அவ்வளவுதான். பிள்ளைகளும் சொல்லணும்," என்றார்.

"லூயி மன்னர்..." என்று தொடங்கினார் பிள்ளை.

"மன்னரும் வேண்டா."

"லூயி செத்தான்," என்றார் பிள்ளை.

ஒரு ராஜாவைப் பற்றி அந்தச் சொல்லை அந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து மேசையைத் தட்டினார். "ம், சொல்லுங்கோ!" முதலில் இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள். பிறகு எல்லாருமே சொன்னார்கள். சொல்லச் சொல்ல அவர்களுக்கு ருசி பிடித்துவிட்டது. "லூயி செத்தான்! லூயி செத்தான்!" என்று கூரை அதிர்ந்தது. இன்ஸ்பெக்டர் திருப்தியாகத் தலையாட்டினார்.

சத்தம் அடங்கியதும் பின்வரிசையில் சகாயசெல்வி என்ற பெண் எழுந்தாள். "சார், அப்பம் ராஜாவும் நம்மளப் போலத்தான் சாவானா?"

இன்ஸ்பெக்டரின் தலையாட்டல் நின்றது. இல்லை என்று சொன்னால் இன்ஸ்பெக்டர் பேச்சை மீறியதாகும். ஆமாம் என்றால் அது ராஜத்துரோகம். பிள்ளை வழக்கம்போல வாசலை எட்டிப் பார்த்தது தட்டி இடுக்கு வழியாக எனக்குத் தெரிந்தது. மனுஷன் போச்சு என்றே நினைத்தேன்.

"ஆமா மக்கா," என்றார் கோலப்பபிள்ளை. "இன்ஸ்பெக்டர் சாரே சொல்லிட்டாவ."

இன்ஸ்பெக்டர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். பிள்ளையின் மேல் அவர் புகார் எதுவும் எழுதவில்லை. என்னவென்று எழுதுவார்?