பேரன் தலையும் இரண்டு தாத்தாக்களும்

போன ஞாயிற்றுக்கிழமை என் பேரனின் தலைமுடிக்காக ஒரு பஞ்சாயத்து நடந்தது. கேளுங்களேன்.

என் சம்பந்தி ஒரு சீக்கியர். நெய்வேலியில் இது பெரிய விஷயமா? எங்கள் பிளாக்கில் எந்த ஊர்க்காரர்தான் இல்லை! சுரங்கத்தில் அவர் டோசர் ஓட்டினார், நான் கன்வேயரில் இருந்தேன். ஷிஃப்ட் தொடங்கும்போது நான் மெஷினுக்கு விபூதி பூசுவேன். அவர் கைகூப்பி ஏதோ முணுமுணுப்பார்.

"யாரைக் கும்புடறீங்க சிங்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீங்க கும்புட்டவரைத்தான். பேருதான் வேற வேற... ஆள் ஒருத்தர்தான். எங்க குரு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கார்."

பிறகு அவர் மகளும் என் மகனும் காதலித்தார்கள். மூன்று மாதம் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அது தனிக் கதை, விடுங்கள்.

இப்போது பேரனுக்கு மூன்று வயது. எங்கள் குலதெய்வம் பச்சைவாழியம்மன், காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்புக்குள் இருக்கிறாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் மொட்டை அங்கேதான். ஆனால் சீக்கியர்கள் முடியை வெட்டுவதில்லை. கடவுள் கொடுத்தது, அப்படியே காக்க வேண்டுமாம்.

நாங்கள் சாமிக்காக முடியை எடுக்கிறோம். அவர்கள் அதே சாமிக்காக எடுக்காமல் இருக்கிறார்கள். ஒரே சாமி என்றால், இதில் எது அவருக்குப் பிடிக்கும்?

மனசு அரித்துக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மொட்டைக்குப் போய் இறங்கியதும், கோயில் வாசலில் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"சாமி ஒண்ணுன்னு சொல்லிக்கினே இருக்கீங்களே... அப்ப எங்க ஆத்தாளும் அவர்தான?"

"ஆமா. அவர்தான்."

"அப்ப அவளே சொல்லட்டும். பூக்கட்டிப் பாத்துடலாம். வெள்ளப் பூ வந்தா முடி ஆத்தாளுக்கு. செவப்பு வந்தா வேணாம்."

சம்பந்தி தாடியைத் தடவினார்.

"பூ பாக்குறதெல்லாம் எங்கள்ல கெடையாது சம்பந்தி. ஆனா, இது வேற சாமின்னு இப்ப சொன்னா, இத்தினி வருசம் உங்ககிட்ட சொன்னது பொய்யாயிடும்ல?"

என் மனைவி முழங்கையால் இடித்தாள். "மனுசன மடக்கிட்டீங்களா? இப்ப குளுந்துச்சா?"

பூசாரி இரண்டு பொட்டலங்களைக் குலுக்கி அம்மன் காலடியில் போட்டார். சம்பந்தியையே எடுக்கச் சொன்னேன். எடுத்தார், பிரித்தார்.

வெள்ளை.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் மொட்டை போடுவது வழக்கம். மருமகளுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. சம்பந்தியே பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "எடுங்க" என்றார்.

மொட்டை போடுபவர் தண்ணீர் தொட்டுப் பிள்ளையின் தலையில் தடவினார். சம்பந்தி கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜெயித்தவன் தோற்றவர் முகத்தைப் பார்க்கவே கூடாது... பார்த்தேன், கெட்டேன்.

அம்மனைப் பார்த்தேன். 'முடி எனக்கு' என்றுதானே சொன்னாள்? 'வெட்டு' என்றா சொன்னாள்?

"கத்திய கீழ வைப்பா" என்றேன். "ஆத்தா, முடி உன்னுதுதான். புள்ள தலயிலயே வச்சிக்க."

பூசாரிக்கு வந்ததே கோபம்!

"யோவ் பெருசு, வெளையாடுறியா? சாமிக்குன்னு சொல்லிட்ட முடி அது. இனிமே கத்தி, கத்தரி எதுவும் அதுமேல படக்கூடாது... ஆமா, சொல்லிட்டேன்!"

சம்பந்தி எழுந்து ஓடிப்போய்ப் பூசாரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

எதற்கென்று பூசாரிக்கு இன்னும் விளங்கவில்லை.