கூப்பிடும் பெயர்

போடியில் இருக்கும் அந்தத் தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தது சம்பளத்துக்காக இல்லை. அதன் மேனேஜரைப் பழிவாங்குவதற்காக. “சென்னையில கிடைச்ச வேலைய விட்டுட்டு ஏன் இங்க வர்றீங்க?” என்று நேர்முகத் தேர்வில் அவரே கேட்டார். “சொந்த ஊரு சார். நம்ம சனங்களுக்கு ஏதாவது செய்யணும்” என்றேன். மனிதர் குளிர்ந்துபோனார். மகிழ்ச்சியோடு கை கொடுத்தார். அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கும்போதே எனக்கு உள்ளுக்குள் திகுதிகுவென்று எரிந்தது.

காரணத்தைச் சொல்ல எங்கள் வீட்டு வழக்கத்திலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். வைத்த பிறகு ஒரு சிக்கல் வரும். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே பெற்ற மகனையே அவனுடைய பெயரைச் சொல்லி அம்மா கூப்பிட முடியாது. அவனுக்கென்று வேறொரு பெயர் முளைக்கும். தெரு முழுக்க அந்தப் பெயர்தான் புழங்கும். தாத்தா பெயர் பள்ளிக்கூடத்திலும் ஆதாரிலும் மட்டும் இருக்கும். என் அண்ணனும் அப்படித்தான். ஆதாரில் ஒருவன், வாசலில் இன்னொருவன்.

அவன் பிளஸ் டூ படிக்கும்போது கடும் காய்ச்சலில் இதே மருத்துவமனைக்குக் கொண்டுவந்தோம். கம்ப்யூட்டர் புதிதாக வந்திருந்த சமயம். கவுண்டரில் “பையன் பேரு?” என்று கேட்டார்கள். அம்மா, கூப்பிடும் பெயரைச் சொன்னாள். “அப்பா பேரு?” என்றதும் என் விலாவில் இடித்தாள். “சொல்லுடி.” நான் சொன்னேன். புருஷன் பெயரையும் அவள் சொல்ல மாட்டாள். அன்றைக்குப் போட்ட பெனிசிலின் வகை ஊசி அண்ணனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கிவிட்டது. டாக்டர் சமாளித்துவிட்டு, இந்த ஊசி இவனுக்கு எப்போதும் கூடாது என்று கம்ப்யூட்டரில் அவனுக்கென்று இருந்த பக்கத்தில் சிவப்புக் குறிப்புப் போட வைத்தார். நல்ல ஏற்பாடுதான். கூப்பிடும் பெயரில் இருந்த பக்கத்தில்.

பிறகு அண்ணன் ஜீப் ஓட்டப் போனான். காலையில் போடி பஸ் ஸ்டாண்டு அருகில் நின்று “மெட்டு, மெட்டு, போடிமெட்டு” என்று அவன் கத்தினால் மலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருவார்கள். அப்படி ஒரு குரல். மழை பெய்த ஒரு நாள், மெட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் ஜீப் சரிந்து அவனுக்குத் தலையில் அடிபட்டது. நினைவில்லாமல் கிடந்தவனைக் கூட்டாளிகள் தூக்கிவந்து, சட்டைப்பையில் இருந்த ஆதாரை வைத்துப் பதிவு செய்தார்கள். கம்ப்யூட்டர் அவனுக்குப் புது எண் கொடுத்தது. புதுப் பக்கம். அதில் சிவப்புக் குறிப்பு எதுவும் இல்லை. அதே வகை ஊசியைப் போட்டார்கள்.

மூச்சு நின்றுபோய், தொண்டையில் குழாய் போட்டு, மதுரைக்குக் கொண்டுபோய்ப் பிழைக்க வைத்தார்கள். குரல் மட்டும் திரும்பவில்லை. இப்போது அவன் பேசினால் சருகை மிதிக்கிற சத்தம்தான் வரும். ஜீப்பில் ஆள் ஏற்ற ஹாரன் அடிக்கிறான்.

என்ன நடந்தது என்று கேட்கப் போன எங்களை மேனேஜர் கவுண்டர் முன்னாலேயே நிறுத்தினார். சுற்றிலும் கூட்டம். இரண்டு பக்கங்களையும் திரையில் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: “பெத்த மகன் பேரையே உனக்குச் சொல்லத் தெரியல. இந்த மாதிரி ஆளுங்கள வச்சுக்கிட்டு எந்த சிஸ்டம் போட்டு என்ன பிரயோசனம்?”

அம்மா எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. தன் வாயால்தான் மகன் குரல் போனது என்று முடிவு செய்துகொண்டாள். அதன் பிறகு அவள் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்கவில்லை. பிரஷர் ஏறி, அடுப்படியில் கிறுகிறுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். “வாம்மா, ஒரு எட்டு காட்டிட்டு வந்துரலாம்” என்றால், “அங்க பேரு கேப்பாக” என்பாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்த ஆளின் வாயாலேயே அந்தப் பேச்சைத் திரும்பப் பெற வைக்க வேண்டும். அம்மா காது கேட்க. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அது நடக்காவிட்டால் சுவர் பிடித்து நிற்கிற அம்மா ஒருநாள் சுவர் கிடைக்காமல் விழுவாள்.

சேர்ந்த முதல் வாரத்தில் மேனேஜரே எனக்கு மென்பொருளைச் சுற்றிக் காட்டினார். புது நோயாளியைப் பதியும்போது, அதே ஊர், அதே வயது, அதே அப்பா பெயரில் முன்பே ஒருவர் இருந்தால், ‘இவர் ஏற்கெனவே வந்தவரா?’ என்று கேட்கிற வசதி ஒன்று அதில் இருந்தது. அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

“இது எப்ப சார் ஆஃப் பண்ணது?”

“வாங்கின புதுசுலயேம்மா. நான்தான் பண்ணேன்” என்றார் பெருமையாக. “திங்கக்கிழமை கூட்டத்துல நொய்நொய்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. லைன் நகரணும்ல?”

 அந்தக் கேள்வி மட்டும் திரையில் வந்திருந்தால், அண்ணனின் பழைய பக்கம் சிவப்புக் குறிப்போடு வந்து நின்றிருக்கும். தன் வேலையால் நடந்ததைத் தூக்கி அம்மாவின் தலையில் வைத்திருக்கிறார். அந்த வசதியை மறுபடி போடலாமா என்று கேட்டேன். “பாப்பா, நீ காலேஜ்ல படிச்சத இங்க கொண்டாராத. சோலியப் பாரு” என்றார்.

பார்த்தேன். மென்பொருளின் எல்லா மூலைகளையும் கற்றேன். கூடவே அந்த மேனேஜரையும் கற்றேன். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். மகனுக்குத் தன் அப்பா பெயரை வைத்திருப்பதாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் வீட்டிலும் அந்தப் பெயரைச் சொல்ல முடியாத ஒரு மருமகள் இருக்கிறாள். காத்திருந்தால் போதும்.

ஒரு திங்கட்கிழமை அவள் வந்தாள். கவுண்டர் பெண் சாப்பிடப் போயிருந்ததால் நான் உட்கார்ந்திருந்தேன். தோளில் காய்ச்சலோடு சாய்ந்திருந்த பையன். மேனேஜரின் மனைவி என்று பக்கத்தில் நின்ற மூத்த நர்ஸ் கண் காட்டினார். அந்த நர்ஸ் கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவர். எல்லோரையும் ‘மோளே’, அதாவது மகளே, என்பார்.

“பையன் பேரு என்னக்கா?”

அவள் சொன்னது கூப்பிடும் பெயர்.

தட்டினேன். கம்ப்யூட்டர் ஒன்றும் கேட்கவில்லை. புது எண் கொடுக்கத் தயாராக நின்றது. பையனுடைய நிஜமான பக்கம், அப்பா கையாலேயே பதிந்தது, தாத்தா பெயரில் உள்ளே எங்கோ கிடந்தது. ஒரு விசையை அழுத்தினால் அவனும் என் அண்ணனைப் போல இரண்டாகிவிடுவான். அழுத்தவில்லை. பையன் மேல் எனக்கென்ன கோபம்? நோயாளிகளைக் கூப்பிடுகிற மைக்கை எடுத்தேன்.

“மேனேஜர் சார் உடனே கவுண்டருக்கு வரவும். உங்க பையனோட பேரு தெரியல.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மாடியிலிருந்து அவர் தடதடவென்று இறங்கிவந்தார்.

“என்னம்மா விளையாட்டு இது? அவதான் நிக்கிறால்ல? அவகிட்டக் கேக்க வேண்டியதுதான?”

“கேட்டேன் சார். அக்கா சொன்ன பேருல உங்க பையன் இந்த ஆஸ்பத்திரிக்கே வந்ததில்ல.”

அவர் மனைவி பக்கம் திரும்பினார். “அவன் பேரச் சொல்றதுக்கு என்ன உனக்கு?”

அவள் என் அம்மா இல்லை. பொரிந்துவிட்டாள். “எங்க மாமா பேர நான் எப்படிச் சொல்லுவேன்? வீட்டுல உங்க ஆத்தா என்னைய உண்டு இல்லைன்னு ஆக்குறதுக்கா? வேணும்னா நீங்க சொல்லுங்க, உங்க அப்பாதான!”

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். “அதான, நாங்க எந்தக் காலத்துல சொன்னோம்?” என்றாள் ஒருத்தி. “எந்தா சாரே, இங்க வர்ற பாதிப் பேரு இப்படித்தான்” என்று நர்ஸும் தன் பங்குக்குப் போட்டார்.

நான் எழுந்து நின்றேன். “பெத்த மகன் பேரையே சொல்லத் தெரியலன்னு இப்ப அக்காகிட்டச் சொல்லுங்க சார். எங்க அம்மாகிட்ட இதே இடத்துல சொன்னீங்கல்ல?”

அவர் என்னை விழித்துப் பார்த்தார். “எந்த அம்மா?”

அவருக்கு நினைவே இல்லை. எங்கள் வீட்டையே ஊமையாக்கிய பேச்சு அவருக்கு ஒரு திங்கட்கிழமைப் பேச்சு. அந்த நிமிடம்வரை எனக்கு அவர் மேல் இருந்தது கோபம். அதற்குப் பிறகு இருப்பதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

வேலை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. நடந்தது பெரிய டாக்டர் காதுக்குப் போய்விட்டது. மருத்துவமனையின் உரிமையாளர் அவர். இதைச் சரிசெய்ய என்ன வழி என்று கேட்டாராம். அன்று சாயங்காலம் மேனேஜர் என் மேசைக்கு வந்து, “அந்த வசதியப் போட்டு விட்ரு. வேற என்ன செய்யலாம்னும் பாரு. வெரசா” என்றார். நான் பதிவுத் திரையில் ‘கூப்பிடும் பெயர்’ என்று ஓர் இடம் சேர்த்தேன். போன் நம்பரைத் தட்டினால் அந்த வீட்டார் எல்லோரும் திரையில் வரும்படி செய்தேன். அண்ணனின் இரண்டு பக்கங்களையும் ஒன்றாக்கினேன். மேனேஜர் இதையெல்லாம் தன் யோசனையாகப் பெரிய டாக்டரிடம் சொல்லிக்கொண்டார். சொல்லட்டும் என்று விட்டேன். தானே கவுண்டரில் உட்கார்ந்து செய்து காட்டுவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகத்தான் விட்டேன்.

வீட்டில் அம்மா, மேனேஜரின் மனைவி பொரிந்த கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். “அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு? இன்னொருக்காச் சொல்லு.” பிறகு ஊறவைத்த அரிசியைக் கிளறியபடி கேட்டாள்: “என்னைக்கு அவன் கவுண்டர்ல உக்காருறான்?”

அந்த நாளில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அண்ணன் ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினான். எந்த டோக்கன் அம்மாவுக்குப் போக வேண்டும் என்பதை நான் பார்த்துக்கொண்டேன். மேனேஜர் கவுண்டரில் இருந்தார். பின்னால் பெரிய டாக்டர் கை கட்டி நின்றார்.

“வாங்கம்மா. உங்க பேரு?”

சொன்னாள்.

“வீட்டுக்காரர் பேரு?”

“அத நான் சொல்றதில்ல.”

“பதியணுமேம்மா.”

“நீங்கதான் படிச்சவுக. பொட்டிகிட்டக் கேளுங்க, அதுக்குத் தெரியும்” என்று போன் நம்பரைச் சொன்னாள்.

அவர் தட்டினார். எங்கள் வீடு திரையில் வந்தது. அப்பா பெயர். அண்ணனின் இரண்டு பெயர்கள், ஒன்றின் கீழ் ஒன்று. பக்கத்தில் சிவப்பாக அந்த ஊசியின் பெயர். மேனேஜர் திரையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கடைசியாக, தூணோரம் நின்ற என்னை.

“இப்ப ஞாபகம் வந்துருச்சா?” என்றாள் அம்மா.

“என்ன விஷயம்?” என்று பெரிய டாக்டர் குனிந்தார்.

மேனேஜர் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. எந்த வசதி அணைந்து கிடந்தது, யார் அணைத்தது, அதனால் என்ன ஆனது, எல்லாவற்றையும் எச்சில் விழுங்கி விழுங்கிச் சொன்னார். கடைசியில் மேசையைப் பார்த்தபடி முணுமுணுத்தார்: “உங்க மேல தப்பு இல்லம்மா. எங்க மேலதான்.”

அம்மா காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டாள். “சத்தமாச் சொல்லுங்கய்யா. எனக்குக் காது மந்தம்.”

அவர் நிமிர்ந்து, வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். வாசலில் நின்ற அண்ணன் சிரித்தான். சருகு மிதிபடுகிற அந்தச் சத்தம் கவுண்டர்வரை வந்தது. உடனே அம்மாவின் முகம் மாறிவிட்டது. அதற்கு எந்தக் கவுண்டரிலும் பதில் இல்லை என்று எனக்கும் தெரியும். ஆகவே அந்த மேனேஜரை நான் இன்னும் விடுவதாக இல்லை. தினமும் காலையில் அவர் அறையைத் தாண்டும்போது ‘வணக்கம் சார்’ என்று சிரிக்கிறேன். ஒவ்வொரு நாளும் அவர் அதைக் கேட்டுத் திடுக்கிடுகிறார்.

நர்ஸ் அம்மாவுக்குப் பிரஷர் பார்த்துவிட்டு, “மோளே, இத்தனை நாளா இத வச்சுக்கிட்டா சுத்துனீங்க?” என்று அதட்டி மாத்திரைக்கு எழுத வைத்தார். மாதாமாதம் வரச் சொன்னார். அம்மா வருகிறாள். ஒவ்வொரு முறையும் மேனேஜர் இருக்கிற நேரமா என்று கேட்டுக்கொண்டுதான் கிளம்புகிறாள்.

அவளுடைய காதில் ஒரு குறையும் இல்லை. அண்ணனின் ஜீப் மலையடிவாரத்தில் திரும்பும்போதே அடுப்படியிலிருந்து சொல்லிவிடுவாள், சோறு போடு என்று.